நீண்ட அட்டையும் குறுகிய பெட்டியும்

புதிதாக வாங்கிய பீரோ ஒன்றை நால்வர் சுமந்து வந்து வீட்டு வாயிலில் இறக்குகின்றனர். வாயிலின் அகலம் போதவில்லை. ஒருவர், “சாய்த்துத் தூக்குங்கள்” என்கிறார்; மற்றொருவர், “திருப்பிப் பிடியுங்கள்” என்கிறார்; மூன்றாமவர் கதவையே கழற்றிவிடலாம் என்று யோசனை கூறுகிறார். வீட்டுக்காரரோ, கடைக்குப் புறப்படுமுன் ஒரு கயிற்றை எடுத்து வாயிலை அளந்திருக்கலாமே என்று எண்ணித் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்கிறார். இத்தகைய காட்சியை நீங்கள் எங்கேனும் கண்டிருப்பீர்கள். ஒரு சாண் அகலமே உள்ள இரும்புப் பெட்டிக்குள்ளும் இது நிகழ்வதுண்டு. மேசைக் கணினியில் நீண்டதொரு வரைகலை அட்டையைப் பொருத்த முற்படுவோர் பலர் இந்த வீட்டுக்காரரின் நிலையை அடைகின்றனர்.

வரைகலை அட்டை என்பது யாது? கணினியின் உறுப்புகளையெல்லாம் ஏந்தி நிற்பது தாய்ப்பலகை. பொதுவான கணக்கு வேலைகளைச் செய்வது செயலி. திரையில் தோன்றும் உருவங்களைத் தீட்டுவதற்கென்றே அமைந்தது வரைகலை அட்டை. 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் கொண்ட ஒரு திரையில் இருபது இலட்சத்திற்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. அசையும் படம் ஒன்று திரையில் ஓடும்போது, அப்புள்ளிகள் ஒவ்வொன்றின் நிறமும் நொடிக்கு அறுபது முறை புதிதாகக் கணிக்கப்படுகிறது. ஒருவர் மட்டும் உட்கார்ந்து கோலமிட்டால் தெரு முழுவதற்கும் எத்தனை நாளாகும்? ஆயிரம் பேர் ஒருங்கே குனிந்து ஆளுக்கொரு புள்ளி வைத்தால் நொடியில் முடியும் அன்றோ? அவ்வாறு ஆயிரக்கணக்கான சிறு கணிப்பான்களைத் தன் சில்லில் அடக்கி, அவற்றை ஒரே நேரத்தில் வேலை வாங்குவது இந்த அட்டை.

அட்டை என்னும் சொல் நம் மொழியில் கெட்டித் தாளையும் குறிக்கும். மலைக்காட்டில் நடப்பவர் காலைப் பற்றிக் குருதி உறிஞ்சும் உயிரையும் குறிக்கும். இந்த அட்டை இரண்டும் அன்று. கண்ணாடி இழையையும் பிசினையும் சேர்த்து அழுத்திய பலகை, அதன் மேலும் உள்ளும் படலம் படலமாகச் செம்புத் தடங்கள், மேலே சில்லுகள், அவற்றின்மீது உலோகத் தகடுகளால் ஆன குளிர்விப்பான், அதன்மேல் விசிறிகள். இத்துணையும் சேர்ந்ததே வரைகலை அட்டை.

என் தமக்கையின் மகன் அசைவூட்டப் படக்கலை பயில விரும்பும் மாணவன். ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பழைய மேசைக் கணினி ஒன்று அவனுக்குக் குறைந்த விலையில் கிடைத்திருந்தது. உருவங்களைத் தீட்டும் ஆற்றல் அதற்குப் போதவில்லை. ஆகவே அவன் ஓராண்டுக் காலம் ஞாயிற்றுக்கிழமைதோறும் திருமண மண்டபங்களில் ஒளிப்படக்காரர் ஒருவருக்கு உதவியாளனாக நின்று பொருள் சேர்த்தான். அப்பொருள் முழுவதையும் கொடுத்து, ஒருவர் பயன்படுத்திய வரைகலை அட்டையொன்றை வாங்கி வந்தான். விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று கடைக்காரர் முன்னரே சொல்லிவிட்டார். அன்று மாலை அவன் என்னிடம் வந்து நின்ற கோலத்தை நான் மறக்கவில்லை.

“மாமா, எல்லாம் பார்த்துத்தான் வாங்கினேன். வேகம் பார்த்தேன், நினைவகம் பார்த்தேன், விலை பார்த்தேன். ஆனால் அது பெட்டிக்குள் நுழைய மறுக்கிறது” என்றான்.

“நீளம் பார்த்தாயா?” என்று கேட்டேன்.

அவன் விடை கூறவில்லை.

அளவுகோலை எடுத்து அளந்து பார்த்தோம். அட்டையின் நீளம் 270 மில்லிமீட்டர். பெட்டியின் பின்சுவரிலிருந்து உள்ளே குறுக்கிட்டு நின்ற வன்தட்டுக் கூண்டு வரை 242 மில்லிமீட்டர். குறை 28 மில்லிமீட்டர். ஓர் அங்குலத்திற்குச் சற்று மேல். ஓராண்டு உழைப்பு அந்த ஓர் அங்குலத்தில் சிக்கிக்கொண்டு நின்றது.

இந்த இடர்ப்பாடு தற்செயலாக விளைந்தது அன்று. இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டபோது, அதன் தாய்ப்பலகையில் ஐந்து செருகுவாய்கள் இருந்தன. அந்நாளில் திரைக்கு ஓர் அட்டை, தட்டியக்கிக்கு ஓர் அட்டை, கூடுதல் நினைவகத்துக்கு ஓர் அட்டை எனத் தனித்தனியே வேண்டியிருந்தன. ஒவ்வோர் அட்டையிலும் எண்ணற்ற சில்லுகள் வரிசையாக அமர்ந்திருந்தன. ஆகவே அவற்றுட் பல, பெட்டியின் பின்சுவரிலிருந்து முன்சுவர் வரை ஓர் அடிக்கு மேல் நீண்டிருந்தன. அவற்றின் நுனி தொங்கிவிடாதபடி, பெட்டியின் முன்புறத்தில் காடி வெட்டிய தாங்கிகளும் அமைத்திருந்தனர். பின்னாளில் வந்த பி.சி.ஐ. என்னும் செருகுவாய் முறையிலும், முழு நீள அட்டை என்றால் 312 மில்லிமீட்டர் என்று வரையறுத்தனர்.

காலம் செல்லச் செல்ல, பல சில்லுகளின் வேலையை ஒரே சில்லு செய்யத் தொடங்கிற்று. அட்டைகள் குறுகின. பல அட்டைகளின் வேலையைத் தாய்ப்பலகையே ஏற்றுக்கொண்டது. 1995ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் அமைப்பு முறையை வகுத்தது. அதன்படி தாய்ப்பலகையின் அளவு 305 மில்லிமீட்டருக்கு 244 மில்லிமீட்டர். இவற்றுள் 244 என்பதே அட்டை நீண்டு கிடக்கும் திசையில் பலகைக்குரிய அளவு. குறுகிய அட்டைகள் இந்த எல்லைக்குள் அடங்கின. பெட்டி செய்வோர், எல்லைக்கு அப்பால் வெற்றிடமாகக் கிடந்த பகுதியை வீணாக்க விரும்பவில்லை. அங்கே வன்தட்டுக் கூண்டை வைத்தனர். அவர்கள் செய்தது அக்காலத்துக்குப் பொருத்தமே. ஆனால் அவர்கள் நினையாத வகையில் அட்டை மீண்டும் நீளத் தொடங்கிற்று.

இம்முறை நீண்டதற்குக் காரணம் சில்லுகளின் எண்ணிக்கை அன்று; வெப்பம். 1999ஆம் ஆண்டில் வந்த என்விடியா ஜீபோர்ஸ் 256 என்னும் அட்டைக்குச் சிறிய விசிறியொன்றே போதுமானதாயிருந்தது. 2006ஆம் ஆண்டில் அதே நிறுவனத்தின் ஜீபோர்ஸ் 8800 ஜி.டி.எக்ஸ். வந்தபோது அதன் நீளம் 267 மில்லிமீட்டர். தாய்ப்பலகையின் விளிம்பைத் தாண்டி நின்ற அதன் வால், பல பெட்டிகளில் வன்தட்டுக் கூண்டை முட்டியது. 2022ஆம் ஆண்டில் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090இன் முதல் வடிவம் 304 மில்லிமீட்டர் நீளமும் 61 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டது. அது கொள்ளும் மின்னாற்றல் 450 வாட். அவ்வளவும் இறுதியில் வெப்பமாகவே வெளிவருகிறது. அதைக் காற்றில் கலக்க அகன்ற தகடுகளும் பெரிய விசிறிகளும் வேண்டும். இக்காலத்து அட்டைகள் பலவற்றைப் பிரித்துப் பார்த்தால், உள்ளிருக்கும் பலகை பாதியிலேயே முடிந்திருக்கக் காணலாம். மீதி நீளம் முழுவதும் குளிர்விப்பானே.

ஆகவே பெட்டியை அளப்பவர் நீளத்தை மட்டும் அளந்து நிறுத்தலாகாது. நீளம், தடிமன், உயரம் என்னும் மூன்றையும் அளத்தல் வேண்டும். தடிமனைச் செருகுவாயின் கணக்கில் கூறுவர். ஒரு செருகுவாய்க்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள தூரம் 20.32 மில்லிமீட்டர். இரண்டு வாய் அட்டை ஏறத்தாழ 40 மில்லிமீட்டரையும், மூன்று வாய் அட்டை 61 மில்லிமீட்டரையும் அடைத்துக்கொள்ளும். உயரத்தில் ஒரு சூது உண்டு. அதில் நாங்களும் ஏமாந்தோம். அதனைப் பின்னர்க் கூறுவேன். பெட்டி செய்தவர் ‘இத்துணை நீள அட்டை கொள்ளும்’ என்று எழுதியிருந்தாலும், முன்புறத்தில் விசிறி இருந்தால் அதன் தடிமனாகிய 25 மில்லிமீட்டரைக் கழித்துக்கொள்ளுதல் வேண்டும்.

முதலில் மருமகன் கூறிய யோசனை, அட்டையின் வாலை அரத்தால் அராவிவிடலாம் என்பது. செருப்புச் சிறியதாயிற்று என்று காலை வெட்டிக்கொள்வார் உண்டோ? அட்டையின் பலகைக்குள் மேலும் கீழுமாகப் பல படலங்களில் செம்புத் தடங்கள் ஓடுகின்றன. விளிம்பில் சிறிது வெட்டினும் தடங்கள் அறுந்துபோகும்; அன்றி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு அட்டை வெறும் பலகைதான். வலிந்து அழுத்தி வளைத்து நுழைப்பதும் தகாது. வளைந்த பலகையில் பற்றவைப்புகள் விரிசல் விடும், செருகுவாயும் பிளந்துபோகலாம். இடம் கொடுக்க வேண்டியது பெட்டியே என்று முடிவு செய்தோம்.

உண்மை அட்டையை வைத்துப் பழகுவதற்கு எனக்குத் துணிவில்லை. ஆகவே காலணி வைத்துவந்த கெட்டித்தாள் பெட்டியொன்றை வெட்டி, அதே நீளம், அதே உயரம், அதே தடிமன் உள்ள பொய் அட்டை ஒன்றைச் செய்தோம். அட்டையால் செய்த அட்டை என்று மருமகன் நகைத்தான். அன்றைக்கு அவன் சிரித்தது அப்போதுதான். அதனைப் பெட்டிக்குள் விட்டுப் பார்த்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. அட்டை நேராகக் கீழே இறங்குவதில்லை. பின்சுவரில் மாட்டும் உலோகத் தகட்டின் நுனி, தாய்ப்பலகைக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்தில் முதலில் நுழைய வேண்டும். அதற்காக அட்டையைச் சாய்த்துப் பிடித்து, வாலை முன்னே தள்ளி, பிறகு பின்னுக்கு இழுத்து அமர்த்த வேண்டியிருக்கிறது. எனவே அட்டையின் நீளத்துக்குச் சரியாக இடமிருந்தாலும் போதாது. கைவிரல் ஒன்றின் அகலமேனும் கூடுதலாக வேண்டும்.

வன்தட்டுக் கூண்டைக் கூர்ந்து நோக்கினோம். மேலே இரண்டு திருகாணிகளும், அடியில் ரிவெட்டு எனப்படும் தறையாணிகள் நான்கும் அதனைப் பிடித்திருந்தன. கூண்டை எடுப்பதற்கு முன் ஒன்றை ஆராய்தல் இன்றியமையாதது. சில பெட்டிகளில் கூண்டே தூணாக நின்று மேற்பகுதியைத் தாங்கும். எடுத்தால் பெட்டி ஆட்டம் கண்டுவிடும். எங்கள் பெட்டியில் மேலறை தனியே சட்டத்தில் பொருத்தப்பட்டிருந்தது. அந்த மேலறை முன்பு குறுந்தட்டு இயக்கி இருந்த இடம், இப்போது காலி. வன்தட்டை அங்கே குடியேற்றலாம். ஆயினும் அந்த அறையின் அகலம் 146 மில்லிமீட்டர்; வன்தட்டின் அகலமோ 101.6 மில்லிமீட்டர். இருபுறமும் 22 மில்லிமீட்டர் வெற்றிடம். அதற்கென விற்கும் பக்கச் சட்டங்கள் இரண்டை வாங்கி வந்து வன்தட்டைப் பிணைத்தோம்.

பிறகு தாய்ப்பலகை, செயலி, கம்பிகள் அனைத்தையும் வெளியே எடுத்து வைத்தோம். இதில் சோம்பல் கூடாது. பெட்டிக்குள் பலகை இருக்கும்போதே துளையிட்டால், தெறிக்கும் உலோகத் துகள் ஒன்று இரண்டு தடங்களுக்கு இடையே விழுந்து, மின்சாரம் பாய்ந்தவுடன் பலகையையே எரித்துவிடக்கூடும். துளைப்பொறியால் தறையாணிகளின் தலைகளை நீக்கினோம். கூண்டு கையோடு வந்தது. துகள்களைக் காந்தத்தால் திரட்டிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அந்தத் தறையாணிகள் அலுமினியத்தால் ஆனவை. காந்தம் இரும்புத் துகளை மட்டும் பற்றிக்கொண்டு அலுமினியத் துகளை அங்கேயே விட்டுவிட்டது. ஈரத்துணியால் மும்முறை துடைத்து, வெயிலில் காயவைத்த பின்னரே பலகையை மீண்டும் பொருத்தினோம். தகட்டின் வெட்டுவாயை அரத்தால் தேய்க்க மறந்ததன் பயனாக என் சுட்டுவிரலில் ஒரு கீறலும் கிடைத்தது.

அடுத்து மின்சாரம். செருகுவாயின் வழியாக அட்டை பெறக்கூடியது 75 வாட் மட்டுமே. அதற்கு மேல் வேண்டுமாயின் தனிக் கம்பி வேண்டும். ஆறு முனைச் செருகி 75 வாட் தரும். எட்டு முனைச் செருகி 150 வாட் தரும். எங்கள் அட்டைக்கு எட்டு முனைச் செருகி ஒன்று தேவை. பழைய மின்வழங்கி 240 வாட் ஆற்றலுடையது. அதில் அச்செருகியே இல்லை. 500 வாட் மின்வழங்கி ஒன்றை வாங்க நேர்ந்தது. அச்செலவை நான் ஏற்றேன். அலுவலகக் கணினிகள் சிலவற்றில் மின்வழங்கியின் வடிவமும் செருகிகளும் பொது முறைக்கு மாறாக இருக்கும். அப்படிப்பட்ட பெட்டியாயிருந்தால் எங்கள் முயற்சி அங்கேயே நின்றிருக்கும். இதனையும் வாங்குமுன் பார்த்தல் வேண்டும்.

கணினியின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொட்டு உடலிலிருந்த நிலைமின்னைப் போக்கிக்கொண்டு, அட்டையைச் சாய்த்து இறக்கினான் மருமகன். செருகுவாயின் கோடியிலுள்ள சிறு கொக்கி ‘டக்’ என்று பூட்டிக்கொண்டது. பின்புறத் திருகாணிகள் இரண்டையும் முடுக்கினோம். வாலுக்கு முன்னால் தாராளமாக இடம் கிடந்தது. வெற்றி என்றே எண்ணிப் பக்கக் கதவை மூடப் போனோம். கதவு மூடவில்லை.

உயரத்தில் ஒரு சூது உண்டு என்றேனே, அது இதுதான். அட்டைக்குரிய பொது உயரம் 111 மில்லிமீட்டர். எங்கள் அட்டையின் குளிர்விப்பான் அதனினும் சற்று உயர்ந்திருந்தது. அதன் மேல்விளிம்பில், கதவை நோக்கியபடி, மின்செருகி நின்றது. செருகியும் அதிலிருந்து புறப்படும் கம்பிக் கற்றையும் கதவை முட்டின. நீளத்தில் ஒரு பக்கம் இடி, உயரத்தில் மறுபக்கம் இடி என்று மத்தளம்போல ஆயிற்று எங்கள் நிலை. பொய் அட்டை செய்தபோது நாங்கள் செருகியைச் செய்ய மறந்துபோனோம்!

கற்றையை இறுகக் கட்டியிருந்த பட்டையை அவிழ்த்து, கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, பக்கவாட்டில் மெல்ல வளைத்துப் படியவைத்தோம். கதவு மூடிற்று. எட்டு முனைச் செருகியின் முனைகள் தடித்தவை. ஆகையால் இதனைச் செய்யத் துணிந்தோம். 2022ஆம் ஆண்டிலிருந்து பேரட்டைகளில் வரும் பதினாறு முனைச் செருகியில் இவ்வாறு செய்யலாகாது. அது 600 வாட் வரை கடத்த வல்லது. ஆனால் முனைகள் மிகச் சிறியவை. முழுதும் உட்செல்லாத செருகிகள் சில அவ்வாண்டிலேயே சூடேறி உருகின. செருகியிலிருந்து 35 மில்லிமீட்டர் தூரம் வரை கம்பியை வளைக்க வேண்டா என்று கம்பி செய்வோர் அறிவுறுத்துகின்றனர். அத்தகைய அட்டைக்குப் பெட்டியின் அகலமும் அதற்கேற்ப இருத்தல் வேண்டும்.

கணினி இயங்கிற்று. திரையில் உருவங்கள் தங்கு தடையின்றி ஓடின. மருமகனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் கால் மணி நேரத்தில் ஓட்டம் தளர்ந்தது. அட்டையின் வெப்பநிலையைப் பார்த்தால் 84 பாகை. அளவு கடந்து சூடேறினால் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அது தற்காப்பு. பழைய 60 வாட் குண்டு விளக்குகள் மூன்றை ஒரு சிறு பெட்டிக்குள் எரியவிட்டு மூடினாற்போல இருந்தது உள்நிலை. விசிறிகள் சுழன்றன என்பது மெய்யே. அவை சுழற்றியது சூடான காற்றை. நுழைந்த காற்று வெளியேறவும், வெளிக்காற்று உள்ளே வரவும் வழி இருந்தாலன்றி விசிறியால் பயனில்லை.

இங்கே கூண்டை எடுத்தது இரட்டை நன்மையாயிற்று. முன்பு அது முன்புறத் துவாரங்களை மறைத்துக்கொண்டு நின்றது. இப்போது அந்த இடத்தில் 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றை, காற்று உள்ளே வரும்படி பொருத்தினோம். விசிறிக்கும் அட்டையின் வாலுக்கும் நடுவே போதிய இடைவெளி இருந்தது. குறுக்கே தொங்கிய கம்பிகளை ஓரமாக ஒதுக்கிக் கட்டினோம். மறுநாள் ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தபோது வெப்பநிலை 74 பாகையில் நின்றுவிட்டது. வேகம் குறையவில்லை.

கதவைத் திறந்தே வைத்துவிட்டால் இத்தொல்லை ஏன் என்று சிலர் கேட்பர். சில நாள் சோதனைக்கு அது தகும். நெடுநாள் திறந்து வைத்தால் புழுதி புகும். பல்லியும் கரப்பானும் வெதுவெதுப்பான இடத்தைத் தேடி வந்து குடியேறும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் சுழலும் விசிறியில் விரலை விடுவர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அட்டை பூட்டியிருக்கும் கொக்கி, பொருத்திய பின் அட்டையின் அடியில் மறைந்துவிடுகிறது. கழற்றும்போது விரல் எட்டாது. திருப்புளியால் குத்தி அழுத்தினால் அது நழுவித் தாய்ப்பலகையைக் கீறிவிடும். நாங்கள் மர அளவுகோலின் முனையால் அழுத்தப் பழகிக்கொண்டோம். அந்தப் பழக்கம் விரைவிலேயே உதவிற்று. மருமகன் கல்லூரி விடுதிக்குப் புறப்பட்டபோது கணினியைப் பேருந்தில் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. நீண்ட அட்டை ஒரு முனையில் மட்டும் பிடிப்புடன் நிற்பது. சாலைக் குலுக்கலில் அதன் எடையே நெம்புகோலாகிச் செருகுவாயைப் பெயர்த்துவிடலாம். ஆகவே அட்டையைக் கழற்றி, நிலைமின் தாக்காத உறையிலிட்டு, தன் போர்வைக்குள் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டே சென்றான். பெட்டி பேருந்தின் கூரைமேல் சென்றது.